காற்றைக் கேட்காமல் வரையப்படும் வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சனிக்கிழமை இணைப்பில் வாரந்தோறும் வெளியாகும் மாதிரி வீட்டு வரைபடங்களைத் தவறாமல் பார்த்து வருகிறேன். அண்மையில் வந்த படம் 30க்கு 40 அடி மனையில் கிழக்குப் பார்த்த வீடு: முன்னால் கார் நிறுத்தப் போர்டிகோ, உள்ளே ஹால், அதை ஒட்டித் தடுப்புச் சுவர் இல்லாத சமையலறை, தென்மேற்கான கன்னி மூலையில் பெரிய படுக்கையறை, இரண்டு படுக்கையறைக்கும் அட்டாச்டு பாத்ரூம். எங்கள் தெருவில் அடுத்த மாதம் வீட்டின் அடித்தளத்துக்கு வானம் தோண்ட இருக்கும் ஒருவர் அந்தப் படத்தைக் கத்தரித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் விரித்துக் காட்டி, "இதையே போட்டுடலாமாண்ணே?" என்று கேட்டார். அவரிடம் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஏனென்றால் அவர் ஒருவர் மட்டுமல்லர், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் வீடு கட்டுகிற பலருக்கும் தங்கள் இணைப்புதான் முதல் பொறியாளர்.

அரசுத் துறை ஒன்றில் 31 ஆண்டுகள் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே அந்தப் படத்தில் குறை காண வேண்டும் என்று குறை காணவில்லை. மதுரையிலோ திருச்சியிலோ அது நல்ல வீடாகவே அமையும். படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டும் குறி இல்லை. உள்நாட்டில் அது இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். எங்கள் கரையிலோ எந்த அறை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்த இரண்டாவது குறிதான்.

இங்கே காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். கடலுக்குப் போகிறவர்கள் இவற்றை இணைத்துச் சோழகக் கச்சான், வாடைக் கொண்டல் என்று இடைத்திசைகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை சோழகமும் கச்சானும் மாறி மாறி அடிக்கும். ஐப்பசியில் காற்று திரும்பி வாடையும் கொண்டலும் மழையைக் கொண்டுவரும். நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதத்தில் பெய்து முடிந்துவிடுவதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால் மாவட்டத்துக்கு உள்ளேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா; எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். வடகடல் கொந்தளிக்கும் காலத்தில் தென்கடல் அடங்கியிருக்கும், தென்கடல் பொங்கும்போது வடகடல் குளம் போலக் கிடக்கும். இதை வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்து வீட்டுக்குச் சோழகம் நேரே கடலிலிருந்து உப்புத் துளியோடு வருகிறது. தேவிபட்டினம், மோர்ப்பண்ணை, தொண்டிப் பக்கத்து வீட்டுக்கு அதே பருவக் காற்று நிலத்தின் மீது ஓடி வந்த வறண்ட புழுதிக் காற்று, அங்கே உப்பும் சாரலும் சேர்ந்து வருவது வாடையில்தான். ஒரே வரைபடத்தை இரண்டு கரையிலும் கட்டினால் ஏதோ ஒரு கரையில் அந்த வீடு தவறான பக்கம் திரும்பி நிற்கும்.

தொழில் தெரிந்த நானே இதில் இடறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2007இல் வேதாளையில் என் வீட்டைக் கட்டியபோது, மதுரையில் நானே ஒரு நண்பருக்குப் போட்டுக் கொடுத்து அவர் மனம் நிறைந்து பாராட்டிய வரைபடத்தை ஒரு கோடும் மாற்றாமல் இங்கே எடுத்து வந்தேன். தென்மேற்குப் படுக்கையறைக்குத் தெற்குச் சுவரில் ஆறடி அகல ஜன்னல். கடற்காற்று வாங்கலாம் என்பது என் கணக்கு. முதல் ஆனி மாதமே கணக்கு தப்பியது. இரவு திறந்து வைத்துப் படுத்தால் விடிகாலையில் தலையணை உறையில் மணல் நறநறக்கும். ஜன்னல் திண்டில் படிந்திருக்கும் பொடிமணலில் என் பேத்தி விரலால் தன் பெயரை எழுதிப் பழகினாள். என் மனைவி பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து ஜன்னல் கதவின் அடியில் திணித்து வைப்பார். காலையில் அதைப் பிழிந்தால் தண்ணீர் கரிக்கும். மூன்றாம் ஆண்டில் கிரில் கம்பி செதில் செதிலாக உரிந்தது. பிறகு அந்த ஜன்னலை வைகாசியில் மூடினால் ஐப்பசியில்தான் திறப்பது என்றாகி, காற்று வேண்டிக் கட்டிய அறையில் காற்று வரும் ஐந்து மாதமும் காற்றில்லாமல் ஏ.சி. வாங்கி மாட்டினோம். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை முழுவதும் குடித்து வைத்திருந்து இரவு பத்து மணிக்கு மேல் அறைக்குள் விடுவதால், ஏ.சி.யும் விடியும் வரை ஓடிக்கொண்டிருந்தது.

செய்திருக்க வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தென்கரையில் காற்று வரும் பக்கத்து ஜன்னல் சிறியதாகவும், அதற்கு வெளியே தாழ்வாரமோ தட்டியோ மறைப்பாகவும் இருக்க வேண்டும். காற்று வெளியேற எதிர்ச் சுவரில் அதைவிடப் பெரிய திறப்பு இருக்க வேண்டும். உள்ளே வரும் வழி மட்டும் வைத்துப் போகும் வழி வைக்காத அறையில் காற்று வாசலிலேயே நின்றுவிடும். மேற்குச் சுவர் ஓரத்தில் மாடிப்படியையும் சாமான் அறையையும் வைத்திருந்தால் வெயில் அவற்றோடு போயிருக்கும்.

ஜன்னலின் அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் ஓர் அறையின் கதவு நீங்கலான திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். தாங்கள் வெளியிட்ட படத்தில் 10க்கு 12 அடிப் படுக்கையறைக்கு 4க்கு 4 அடி ஜன்னல் ஒன்று. தரை 120 சதுர அடி, ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி, ஜன்னலோ 16. அதுவும் இப்போது எல்லோரும் போடும் இரு பலகை ஸ்லைடிங் ஜன்னல் என்றால், ஒரு பலகை எப்போதும் மறுபலகையின் மேல் ஏறி நிற்பதால் உண்மையில் திறப்பது 8 சதுர அடிதான். விலை மலிவு என்று வாங்குகிறார்கள். தேக்குக்கு வசதியில்லாமல் வேம்பில் சட்டம் அடித்து, முழுக்க வெளியே திறக்கும் கதவு போட்ட பழைய ஜன்னல் அதைவிட இரு மடங்கு காற்று கொடுத்தது. அறைக்கதவின் மேலே இருந்த வென்டிலேட்டரும் ஏ.சி. வந்த பிறகு மறைந்துவிட்டது. மின்சாரம் நின்றுபோகும் புயல் நாட்களில் அந்த ஓட்டை எவ்வளவு பெரிய உபகாரம் என்பது தெரியும்.

சமையலறை விஷயத்தில் வாஸ்து பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கச்சான் அடிக்கும் காலத்தில் தென்கிழக்கு மூலையின் புகை வீட்டைத் தொடாமல் கிழக்கே போய்விடும்; அக்னி மூலையில் அடுப்பு வைக்கச் சொன்னவர்கள் இதையும் பார்த்துத்தான் சொன்னார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் சோழகம் நேராக அடிக்கும் நாளில் அதே புகை வடக்கே ஹாலுக்குள் ஓடும், வாடைக் கொண்டலில் கன்னி மூலைப் படுக்கையறையை நோக்கித் திரும்பும். முன்பு சமையலறைக்குச் சுவரும் கதவும் பின்பக்கம் தனி வாசலும் இருந்ததால் இது ஒரு பொருட்டாகவே இல்லை. சுவரை எடுத்துவிட்டு மேடையை மட்டும் ஹாலைப் பார்த்து வைப்பது, காலையில் இட்லி, இரவில் சப்பாத்தி என்று நடக்கும் வீட்டுக்குப் பொருந்தலாம். நாள் தவறாமல் மீன் வறுபடும் வீட்டில், கருவாடு சுடும் வீட்டில், நண்டு அவியும் வீட்டில், சோபாவின் உறையை மூக்கருகே கொண்டுபோய் அன்றைய குழம்பைச் சொல்லிவிடலாம். மீன் ஆய்வதற்கு ஒரு கல், அதன் அருகே ஒரு குழாய், கழுவிய நீர் நேரே வெளியே ஓட ஒரு சரிவு, இவை சமையலறைக்கு வெளியே கூரையுள்ள ஓர் இடத்தில் இருக்க வேண்டும். எந்த மாதிரிப் படத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

இதைவிடப் பெரிய விடுபாடு பின்வாசல். தாங்கள் வெளியிடும் வீடுகளுக்கு முன்பக்கம் இருக்கும் அக்கறை பின்பக்கம் இல்லை. எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் நாட்டுப்படகின் என்ஜின், ஐஸ் பெட்டி, மூட்டையாகக் கட்டிய வலை, கயிறு, டீசல் கேன் இல்லாத வீடுகளும் மிகச் சிலவே. இவற்றுக்கு வரைபடத்தில் இடமில்லாததால் போர்டிகோவில் கிடக்கின்றன. மழைக்காலத்தில் மாடிப்படியின் அடியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் டீசல் கேன் நிற்பதை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் நானே பார்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் திறக்காத, வெளியிலிருந்து மட்டும் நுழையக்கூடிய, எதிரெதிரே காற்றோட்டம் உள்ள 8க்கு 6 அடி அறை ஒன்று இந்தக் குறையைத் தீர்த்துவிடும். போர்டிகோவில் பாதி இடம்கூட அதற்கு வேண்டியதில்லை.

பாசி எடுக்கப் போகும் பெண்களின் நிலை இன்னும் மோசம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைக்கு நடுவே மூழ்கி மூழ்கிப் பாசி பறித்துவிட்டு, உடுத்த துணி உடலோடு ஒட்ட, உப்புநீர் சொட்டச் சொட்ட அவர்கள் கரையேறி வீட்டுக்கு வருகிறார்கள். புது வீட்டில் குளியலறை படுக்கையறைக்குள் இருக்கிறது. அதை அடைய ஹாலில் பதித்த பளபளப்பான டைல்ஸைக் கடக்க வேண்டும். உப்புநீர்ச் சொட்டோடு கடந்தால் வழுக்கும், கடந்த பிறகு துடைக்க வேண்டியவரும் அவரே. அதனால் பின்புறம் இரண்டு கம்பு நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு உள்ளே போகிறார்கள். பல லட்சம் செலவழித்துக் கட்டிய வீட்டில் குளிக்க மட்டும் சேலை மறைப்பு என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. பின்வாசலை ஒட்டி, வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கதவு வைத்த ஒரே ஒரு குளியலறை இருந்தால் போதும். இரண்டு அட்டாச்டு பாத்ரூமில் ஒன்றை விட்டுவிட்டு அதைக் கட்டலாம்.

குளியலறை என்றதும் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வீட்டுக் குளியலறையின் மேல்தளத்திலிருந்து ஒன்பதாவது ஆண்டில் காரை பெயர்ந்து விழுந்தபோது, உள்ளே கம்பி கருவேலங்குச்சி போல மெலிந்து தெரிந்தது. கட்டும்போது கொத்தனார் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்திருந்தார். அன்று அலுவலகத்துக்குப் போயிருந்த நான் வாயில் ஊற்றிப் பார்க்கவில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும், உள்நாட்டில் கம்பிக்கு வெளியே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடினால் போதும் என்ற இடத்தில் கடலோரக் காற்றில் 45 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம், வேண்டும் என்பதும் 2000ஆம் ஆண்டிலிருந்து ஐ.எஸ். 456 தர விதியில் இருப்பவை. கம்பிக்கு அந்த இடைவெளி கிடைக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் விற்கும் கடையில் 45 கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். தாங்கள் வெளியிடும் படத்தின் அடியில் இந்த ஓர் எண்ணை மட்டும் அச்சிட்டால் கேட்கிறவருக்குத் துணையாக இருக்கும்.

திண்ணையைப் பற்றிப் பேசினால் பழமை பேசுகிறேன் என்பார்கள். உட்கார்ந்து கதை பேசுவதற்காக நான் அதைக் கேட்கவில்லை. நான்கு அடி, ஐந்து அடி வெளியே நீண்ட தாழ்வாரம் சுவரின் மேல் வெயிலும் வாடைச் சாரலும் படாமல் காத்தது. ஒன்றரை அடி சன்ஷேடு உச்சி வெயிலை மட்டும் தடுக்கிறது, சாய்ந்து வரும் மழையைத் தடுப்பதில்லை. வடகரை வீட்டின் வடக்கு, கிழக்குச் சுவர்களிலும் தென்கரை வீட்டின் தெற்கு, மேற்குச் சுவர்களிலும் முதலில் இந்த நிழலைக் கொடுத்துவிட்டுப் பிறகு அறைகளைப் பிரிக்கத் தொடங்க வேண்டும். முருகைக்கல் என்னும் பவளப்பாறைக் கல்லைச் சுண்ணாம்பில் வைத்துக் கட்டிய அந்தக் காலச் சுவர்களை யாரும் திரும்பக் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையில் கைவைப்பது இன்று குற்றம், அது சரியான சட்டமும்கூட. அந்த வீடுகளின் நிழலை எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பேஸ்மட்டத்தின் உயரத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்: 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையைப் பார்த்த பிறகு, தெருவிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினால் போதும் என்று யாரும் எழுதக்கூடாது.

இடம் நிறைய உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லும் பேச்சு இது என்று எண்ண வேண்டாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் கட்டப்படும் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. விதித்தொகுப்பு கூறும் குறைந்த அளவிலேயே ஓர் அறைக்கு 9.5 சதுர மீட்டர், மற்றோர் அறைக்கு 7.5, சமையலறைக்கு 5, கழிப்பறையோடு சேர்ந்த குளியலறைக்கு 2.8 என்று கூட்டினால் 24.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 267 சதுர அடி வந்துவிடுகிறது; சுவர்களின் கனத்தைச் சேர்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே இங்கே அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை, இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். என் கருத்தில் அந்த 60 சதுர அடிதான் இந்தத் திட்டத்தில் கடலோரத்துக்குக் கிடைத்த வரம். அதை வழக்கமாக முன்வாசலில் வைத்துவிடுகிறார்கள். வடகரையில் அதை வாடை வரும் பக்கம் திருப்பினால் மழைக்கு மறைப்பு. தென்கரையில் பின்னால் கொண்டுபோய் வைத்தால் மீன் ஆய, வலை வைக்க, உடல் கழுவ, குடங்களை அடுக்க இடம். செலவு ஒரு ரூபாய் கூடாது.

இன்னொன்று. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் முன்பு எங்களைப் போன்றவர்கள் மேசையில் ஒருமுறையாவது படத்தை விரித்து, "இந்த ஜன்னல் ஏன் இங்கே?" என்று கேட்கும் வாய்ப்பு இருந்தது, இப்போது வரைந்தவரைத் தவிர வேறு யாரும் பார்க்காமலே படம் சுவராகிவிடுகிறது. அதனால் தங்கள் இணைப்பில் வரும் படத்தின் பொறுப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு வாரமாவது கடலோர மனைக்கான வரைபடத்தை வெளியிடுங்கள். வெளியிடும்போது வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று என்று இரண்டாக வெளியிடுங்கள். வடக்கைக் காட்டும் அம்புக்குறியின் பக்கத்தில் கச்சானுக்கு ஒன்றும் வாடைக்கு ஒன்றுமாக இரண்டு அம்புக்குறி போடுங்கள். தொடக்கமாக, 600 சதுர அடிக்குள் அடங்கும் இரண்டு படங்களை என் கையாலேயே வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கூலி எதுவும் வேண்டாம். பெயரும் போட வேண்டாம். அச்சுக்கு அனுப்புமுன் ஒன்றை மட்டும் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வடகரைப் படத்தில் வடக்குப் பார்த்த பின்கதவு வெளிப்புறமாகத் திறப்பதாக வரைந்திருப்பது கைத்தவறு அல்ல. அப்படி வைத்தால் வாடைக் காற்றே கதவை நிலையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், சாரல் உள்ளே வராது. உள்புறமாகத் திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற வரைதொழில் அலுவலர்,
வேதாளை, மண்டபம் வழி,
ராமநாதபுரம் மாவட்டம்.